ஆஃபர் லெட்டரில் சிடிசிக்குக் கீழே என்ன இருக்கிறது: வேலைப் பாதுகாப்பு, நேரம், சலுகைகளை எடைபோட ஒரு முழு வழிகாட்டி

ஆஃபர் லெட்டர் வந்ததும் கண் முதலில் போவது சிடிசி (கம்பெனி வருடத்துக்கு நமக்காகச் செலவிடும் மொத்தத் தொகை) என்ற அந்த ஒரு எண்ணுக்குத்தான். வீட்டில் கேட்பதும் அதைத்தான், கல்யாண வீட்டில் பார்க்கும் சித்தப்பா கேட்பதும் அதைத்தான். ஆனால் சேர்ந்து ஆறு மாதம் ஆன ஒருவர் புலம்பும்போது கவனித்துப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு வரும் கால், புராஜெக்ட் முடிந்தால் நம்மை என்ன செய்வார்களோ என்ற பயம், அம்மாவின் ஆபரேஷனுக்குக் கம்பெனி இன்சூரன்ஸ் செல்லாது என்று ஆஸ்பத்திரி கவுண்டரில் தெரிந்துகொண்டது, இப்படித்தான் பேச்சு போகும். இதில் முக்கால்வாசியைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ளலாம். அதற்கான தகவல் காகிதத்திலும் இணையத்திலும் கம்பெனி வாசலிலும் கிடக்கிறது, நாம் போய்ப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

பேச வசதியாக ஒரு உதாரணம். சென்னை பெரம்பூரில் வீடு, மூன்று வருட அனுபவம், கையில் இரண்டு ஆஃபர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று சிறுசேரி சிப்காட்டில் ஐடி சர்வீஸ் கம்பெனி, சிடிசி 6 லட்சம், வாரம் ஐந்து நாள். இன்னொன்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனியின் சிஸ்டம்ஸ் பிரிவு, சிடிசி 4.8 லட்சம், வாரம் ஆறு நாள். கேட்டவுடன் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சிறுசேரி என்பார்கள். சரி, பார்ப்போம்.

முதல் படி: சிடிசியை உடைத்துக் கைக்கு வருவதைக் கண்டுபிடியுங்கள்

பாதுகாப்பு, நேரம், சலுகை எதை ஒப்பிடுவதாக இருந்தாலும் முதலில் பணத்தின் உண்மையான அளவு தெரிய வேண்டும், இல்லாவிட்டால் எல்லாக் கணக்கும் கோணலாகத்தான் போகும். ஹெச்ஆரிடம் சம்பளப் பிரிப்பு அட்டவணையைக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம், தராத கம்பெனி என்றால் அதுவே ஒரு தகவல்.

சிறுசேரி கம்பெனியின் 6 லட்சத்தில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) மாதம் 25,000 என்று இருக்கட்டும். கம்பெனி தன் பங்காகக் கட்டும் 12 சதவீத பிஎஃப் வருடத்துக்கு 36,000. கிராஜுவிட்டிக்கு (விலகும்போது தரும் பணிக்கொடை) என்று பேசிக்கில் 4.81 சதவீதம், அதாவது 14,430. இன்சூரன்ஸ் பிரீமியம் 12,000. வேரியபிள் பே (பெர்ஃபார்மன்ஸைப் பொறுத்துத் தருவது) 60,000. இதெல்லாம் சேர்ந்து 1,22,430 ரூபாய், மாதா மாதம் கைக்கு வராத பணம். மீதி 4,77,570-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 39,797, அதில் உங்கள் பங்கு பிஎஃப் 3,000 போனால் சுமார் 36,800. ஆறு லட்சம் என்றால் மாதம் ஐம்பதாயிரம் என்று மனதில் போட்ட கணக்கு இங்கேயே உடைகிறது.

அம்பத்தூரில் 4.8 லட்சம், வேரியபிள் கிடையாது, பேசிக் 20,000. கம்பெனி பிஎஃப் 28,800, கிராஜுவிட்டி 11,544 போக மாதம் 36,638, உங்கள் பிஎஃப் 2,400 கழித்தால் சுமார் 34,200. ஆக, காகிதத்தில் 1.2 லட்சம் வித்தியாசம் காட்டிய இரண்டு வேலைகளுக்கும் இடையே கையில் வரும் மாத வித்தியாசம் 2,600 ரூபாய்கூட இல்லை. வருமான வரியைக் கணக்கில் எடுக்கவில்லை, ஏனென்றால் 2025-26 முதல் புதிய வரி முறையில் சம்பளக்காரருக்கு நிலைக்கழிவோடு சேர்த்து 12.75 லட்சம் வரை வரி வராது.

வேரியபிளை முழுதாகக் கிடைக்கும் பணம் என்று எண்ணாதீர்கள். "போன வருடம் இந்த கிரேடில் இருந்தவர்களுக்கு எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். "பெர்ஃபார்மன்ஸைப் பொறுத்தது" என்று மட்டும் பதில் வந்தால் பாதி என்று எழுதிக்கொள்ளுங்கள். ஜாயினிங் போனஸ் இருந்தால், எத்தனை மாதத்துக்குள் கிளம்பினால் திருப்பித் தர வேண்டும் என்ற வரியைத் தேடுங்கள், நிச்சயம் இருக்கும்.

இரண்டாவது படி: கம்பெனி எவ்வளவு பெரியது என்பதை விட்டுவிட்டு, உங்கள் இருக்கை எவ்வளவு உறுதியானது என்று பாருங்கள்

பெரிய பெயர் இருந்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை சென்னையைச் சுற்றி இருப்பவர்களுக்கே வந்திருக்கக் கூடாது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியது. அதை நம்பி உதிரிபாகம் செய்துகொண்டிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அடுத்த மாதமே நின்றது. மறைமலைநகர் ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது, அடுத்த வருடம் ஆலை நின்றேவிட்டது. ஐடி மட்டும் தப்பியதா என்றால் அதுவும் இல்லை, 2025 ஜூலையில் டிசிஎஸ்ஸே சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்னது. இவை எதுவும் சிறிய, பெயர் தெரியாத கம்பெனிகள் கிடையாது.

அதனால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. முதலாவது, நீங்கள் யாருடைய பேரோலில் (சம்பளப் பட்டியலில்) சேர்கிறீர்கள்? இன்டர்வியூ எடுத்தது ஒரு கம்பெனி, ஆஃபர் லெட்டர் வருவது ஒரு மேன்பவர் ஏஜென்சியிடமிருந்து என்றால், நீங்கள் வேலை செய்யப்போகும் இடத்தில் உங்களுக்கு எந்த உரிமையும் இருக்காது. ஐடி கார்டில் மட்டும் அந்தப் பெரிய பெயர் இருக்கும். இரண்டாவது, நிரந்தரமா, ஒப்பந்தமா, குறிப்பிட்ட கால நியமனமா, அப்ரண்டிஸா? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் டிப்ளமோ, ஐடிஐ முடித்த பிள்ளைகளை டிரெய்னி என்ற பெயரில் எடுக்கிறார்கள். அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டவர் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி இல்லை, முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. அங்கே போகக்கூடாது என்று சொல்லவில்லை, பயிற்சிக்காகப் போகிறோம் என்று தெரிந்து போனால் நல்லதுதான். நிரந்தர வேலை கிடைத்துவிட்டது என்று ஊரில் சொல்லிவிட்டுப் போவதுதான் பிரச்சினை.

மூன்றாவது, அந்தக் கம்பெனிக்கு எத்தனை வாடிக்கையாளர்கள்? ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பி ஓடும் இடம் என்றால் நோக்கியாவும் ஃபாக்ஸ்கானும் நினைவுக்கு வர வேண்டும். அம்பத்தூர் கம்பெனி ஒரே ஒரு கார் கம்பெனிக்கு மட்டும் சப்ளை செய்கிறதா, நாலைந்து பேருக்கா என்பது அதன் சிடிசியைவிட முக்கியமான விஷயம். ஐடியில் இதே கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "என்னை எடுப்பது எந்த புராஜெக்டுக்கு, அந்த ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்கப்படுகிறது, புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?"

அடுத்து நோட்டீஸ் பகுதி. நீங்கள் விலகினால் 90 நாள், கம்பெனி விலக்கினால் 30 நாள் என்று எழுதியிருக்கும் லெட்டர்கள் நிறைய உண்டு. தகுதிகாண் காலத்தில் இது இன்னும் குறையும், அந்தக் காலத்தைக் கம்பெனி தன் விருப்பப்படி நீட்டிக்கலாம் என்றும் ஒரு வரி இருக்கும். 300 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்ய அரசின் முன் அனுமதி வேண்டும் என்று இப்போதைய சட்டம் சொல்கிறது. ஓஎம்ஆர் கண்ணாடிக் கட்டிடங்களில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தக் குடை கிடையாது. உங்களுக்கு மிஞ்சும் பாதுகாப்பு அந்த நோட்டீஸ் நாட்களின் சம்பளம்தான், ஆகவே அது எத்தனை நாள் என்று பாருங்கள்.

பாண்டு (இத்தனை வருடத்துக்குள் விலகினால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்) கேட்டால் "கோர்ட்டில் நிற்காது, சும்மா கையெழுத்துப் போடு" என்று சீனியர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது பொதுத்துறை வங்கி, எல்லாத் தனியார் கம்பெனிக்கும் அப்படியே பொருந்திவிடாது, ஆனால் பாண்டு என்றாலே வெறும் காகிதம் என்ற காலம் போய்விட்டது. அசல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்பவர்களிடம் மட்டும் யோசிக்கவே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது படி: கம்பெனி சொல்வதைக் கம்பெனிக்கு வெளியே சரிபாருங்கள்

இந்தப் படியை யாருமே செய்வதில்லை, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

பிஎஃப் நிறுவனத்தின் இணையதளத்தில் நிறுவனங்களைத் தேடும் பக்கம் ஒன்று இருக்கிறது, லாகின் தேவையில்லை. கம்பெனி பெயரைப் போட்டால், எந்த மாதம் எத்தனை பேருக்கு எவ்வளவு பிஎஃப் கட்டினார்கள் என்ற பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் ஒரு வருடம் பின்னால் போய் எண்ணிக்கையைப் பாருங்கள். 240 பேருக்குக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் இப்போது 150 பேருக்குக் கட்டுகிறார்கள் என்றால், "நாங்கள் வேகமாக வளர்ந்துகொண்டிருக்கிறோம்" என்று இன்டர்வியூவில் சொன்னதை எங்கே வைப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். சில மாதங்கள் விட்டு விட்டுக் கட்டியிருந்தால், சம்பளமும் அப்படித்தான் வரும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரே கம்பெனிக்கு இரண்டு மூன்று பிஎஃப் கணக்குகள் இருக்க வாய்ப்புண்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

பங்குச்சந்தையில் உள்ள பெரிய கம்பெனி என்றால் இன்னும் வசதி. சந்தை மதிப்பில் முதல் 1000 இடத்தில் உள்ளவை ஆண்டறிக்கையோடு வணிகப் பொறுப்பு அறிக்கை (BRSR) ஒன்றையும் வெளியிட வேண்டும் என்பது பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி. அதில் நிரந்தர ஊழியர்கள் எத்தனை பேர், நிரந்தரமில்லாதவர்கள் எத்தனை பேர், வருடத்துக்கு எத்தனை சதவீதம் பேர் விலகுகிறார்கள், ஆண் பெண் சம்பள நடுமதிப்பு என்ன, பாலியல் தொந்தரவு புகார்கள் எத்தனை என்றெல்லாம் எண்ணிக்கையாகவே இருக்கும். ரேட்டிங் தளங்களில் கோபத்தில் எழுதியவர்கள், ஹெச்ஆர் சொல்லி எழுதியவர்கள் என்று இரண்டு கூட்டத்துக்கு நடுவே உண்மையைத் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

காகிதம் முடிந்ததா, அப்புறம் காலால் நடக்க வேண்டியதுதான். ஒரு வேலை நாளில் சாயங்காலம் ஆறரைக்கு மேல் அந்த ஆபீஸ் வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் அரை மணி நேரம் நில்லுங்கள். ஆறு மணி ஷிஃப்ட் என்று சொன்ன இடத்தில் எட்டு மணிக்கும் மாடி முழுக்க விளக்கு எரிகிறதா, வெளியே வருபவர்கள் என்ன பேசிக்கொண்டு வருகிறார்கள் என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். செக்யூரிட்டி அண்ணனிடம் "கடைசி வண்டி எத்தனை மணிக்கு அண்ணா கிளம்பும்?" என்று கேட்டால், எந்த ஹெச்ஆரும் தராத துல்லியமான பதில் கிடைக்கும்.

நான்காவது படி: வேலை நேரத்தை வாசல் முதல் வாசல் வரை எண்ணுங்கள்

லெட்டரில் இருக்கும் "9 முதல் 6" வேலை நேரம் இல்லை. வீட்டு வாசலைத் தாண்டியது முதல் திரும்ப நுழைவது வரை உள்ளதுதான் வேலை நேரம், ஏனென்றால் அத்தனை நேரமும் உங்களுக்குச் சொந்தமில்லை.

பெரம்பூரிலிருந்து சிறுசேரிக்கு ஒருவழிக்கு ஒன்றரை மணி நேரம் என்று குறைத்தே வைப்போம். ஆபீஸில் ஒன்பதரை மணி நேரம். மொத்தம் பன்னிரண்டரை, மாதம் 22 நாள், 275 மணி நேரம். கைக்கு வரும் 36,800-ஐ வகுத்தால் மணிக்குச் சுமார் 134 ரூபாய். அம்பத்தூருக்கு அரை மணி நேரம், அங்கே ஒன்பது மணி நேரம், மொத்தம் பத்து, ஆறு நாள் வாரம் என்பதால் 25 நாள், 250 மணி நேரம். 34,200-ஐ வகுத்தால் 137. சனிக்கிழமையும் வேலை செய்துகூட அம்பத்தூர் ஒரு மயிரிழை முன்னே நிற்கிறது, போக்குவரத்துச் செலவை இன்னும் கழிக்கவே இல்லை. மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை கட்டிக்கொண்டிருக்கும் மெட்ரோ ஓடத் தொடங்கினால் இந்தக் கணக்கு மாறும், ஆனால் என்றைக்கோ வரப்போகும் ரயிலை நம்பி இன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஆனாலும் இந்த 137, 134-ஐ மட்டும் வைத்து முடிவெடுக்கச் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை என்பது மணிக்கணக்கில் அடங்காத விஷயம், ஊருக்குப் போய்வர வேண்டிய மதுரைக்காரரைக் கேட்டால் சொல்வார். அதேபோல் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்று சிறுசேரி கம்பெனி எழுதிக் கொடுத்தால் மாதம் இருபத்தைந்து மணி நேரப் பயணம் மிச்சம், கணக்கு தலைகீழாகிவிடும். "எழுதிக் கொடுத்தால்" என்பதுதான் இங்கே முக்கியம்.

நேரத்தைப் பற்றிக் கேட்கும்போது "ஒர்க் லைஃப் பேலன்ஸ் எப்படி?" என்று கேட்காதீர்கள், அதற்கு உலகம் முழுக்க ஒரே பதில்தான். இப்படிக் கேளுங்கள்: கிளையன்ட் எந்த நாடு? அமெரிக்கா என்றால் தினமும் இரவு கால் உண்டா, எத்தனை மணிக்கு? ஆன்-கால் (எந்த நேரம் அழைத்தாலும் வேலை பார்க்க வேண்டிய) முறை எத்தனை பேருக்குள் சுற்றுகிறது? நாலு பேருக்குள் என்றால் மாதத்தில் ஒரு வாரம் தூக்கம் போயிற்று என்று அர்த்தம். சனிக்கிழமை ரிலீஸ் வேலை செய்தால் மாற்று விடுப்பு உண்டா, போன தடவை எடுத்தவர் யாராவது உண்டா?

தொழிற்சாலைப் பக்கம் சட்டம் தெளிவாக இருக்கிறது. வாரம் 48 மணி நேரம், அதற்கு மேல் ஓவர்டைம் என்றால் இரட்டைச் சம்பளம். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக முதல்வர் அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். ஆகவே "தினமும் 12 மணி நேரம், ஓவர்டைம் சம்பளத்திலேயே சேர்ந்தது" என்று ஒரு சூப்பர்வைசர் சொன்னால், அவர் சொல்வது சட்டத்தில் இல்லாதது. கடைகளில், ஷோரூம்களில் வேலை தேடுபவர்கள் ஒன்றைப் பாருங்கள்: ஊழியர்கள் உட்கார இருக்கை போட்டிருக்கிறார்களா? 2021-லேயே தமிழ்நாடு இதைச் சட்டமாக்கிவிட்டது. நாள் முழுக்க நிற்க வைக்கும் கடை, மற்ற விதிகளை மட்டும் மதிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

விடுப்பில் எண்ணிக்கையைவிட, மிச்சமானதைச் சேர்த்து வைக்கலாமா, விலகும்போது காசாக்கலாமா, தகுதிகாண் காலத்தில் எடுக்கலாமா என்ற மூன்றையும் கேளுங்கள்.

ஐந்தாவது படி: சலுகைகளில் உங்கள் பையிலிருந்து போகவிருந்த பணத்தை மட்டும் எண்ணுங்கள்

டேபிள் டென்னிஸ், பீன் பேக், வெள்ளிக்கிழமை பீட்சா இதற்கெல்லாம் ஒரு ரூபாய்கூட மதிப்புப் போடாதீர்கள். அந்தச் சலுகை இல்லாவிட்டால் நீங்கள் காசு கொடுத்து வாங்குவீர்களா? ஆமாம் என்றால் அந்தக் காசுதான் அதன் மதிப்பு, இல்லை என்றால் பூஜ்யம். கம்பெனி பஸ் அல்லது கேப், மானிய விலைச் சாப்பாடு, குழந்தைக் காப்பகம், ஷிஃப்ட் அலவன்ஸ் இவை தேறும்.

மருத்துவக் காப்பீடுதான் இதில் பெரிய மீன். அப்பா அம்மாவுக்கு அறுபது தாண்டி, ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு இதயம் என்றால், வெளியே பாலிசி எடுக்கப் பிரீமியமும் அதிகம், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலமும் உண்டு. கம்பெனி குரூப் பாலிசியில் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே செல்லும். அதனால் கேளுங்கள்: பெற்றோர் சேர்த்தியா, அதற்குப் பிரீமியம் யார் கட்டுவது, மாமனார் மாமியாரைச் சேர்க்கலாமா, அறை வாடகைக்கு வரம்பு உண்டா, பெற்றோர் சிகிச்சையில் நம் பங்கு எத்தனை சதவீதம்? மூன்று லட்சம் பாலிசியில் அறை வாடகை ஒரு சதவீதம் என்றால் நாளுக்கு 3,000 ரூபாய் அறை. அதற்கு மேற்பட்ட அறையில் படுத்தால் மற்ற பில்களையும் அந்த விகிதத்தில் வெட்டுவார்கள். வேலை போனால் இந்தக் காப்பீடும் அதே நாளில் போய்விடும் என்பதால், வேலைப் பாதுகாப்பு குறைந்த இடத்தில் சேர்பவர் சொந்தமாகவும் சிறிய பாலிசி ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும், அந்தச் செலவை அந்த ஆஃபரிலிருந்து கழிக்க வேண்டும்.

சம்பளம் குறைவான வேலைகளில் இஎஸ்ஐ என்ற அரசு காப்பீடு இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு, அவர்களிடம் 0.75 சதவீதம், கம்பெனியிடம் 3.25 சதவீதம் பிடித்து, குடும்பத்துக்கே வைத்தியம். அயனாவரம், கே.கே. நகர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிகளின் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு, ஆனால் செலவுக்கு உச்சவரம்பு வைத்து நடுவில் கைவிடும் தனியார் பாலிசி மாதிரி அது கிடையாது. ஆகவே 20,500 சம்பளத்திலிருந்து 21,500-க்குத் தாவும்போது ஆயிரம் ரூபாய் கூடுகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள், புது இடத்தில் மருத்துவத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுவிட்டுத் தாவுங்கள்.

கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் தேவை. 20,000 பேசிக்கில் ஐந்து வருடம் முடித்தால், வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்ற 15/26 கணக்கில் 57,692 ரூபாய். மூன்று வருடத்தில் கிளம்பிவிடுவேன் என்று உங்களுக்கே தெரிந்தால், சிடிசியில் காட்டிய அந்தத் தொகையைப் பூஜ்யம் என்று போடுங்கள். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், குறிப்பிட்ட கால நியமனத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வருடம் முடித்தாலே கிராஜுவிட்டி என்று மாற்றியிருக்கிறார்கள். அதே தொகுப்பில்தான் அலவன்ஸ்கள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகக் கணக்கிடப்படும் என்ற விதியும் வந்தது. பேசிக்கை எட்டாயிரத்தில் வைத்துவிட்டு மிச்சத்தை எல்லாம் ஸ்பெஷல் அலவன்ஸ் என்று போட்டிருக்கும் ஆஃபர் லெட்டரைப் பார்த்தால், இதைச் சொல்லியே பேசலாம். நியமனக் கடிதமும் இப்போது எல்லாருக்கும் கட்டாயம்.

பெண்கள் இன்னும் சிலவற்றைச் சேர்த்துப் பாருங்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு, 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைக் காப்பகம், பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாலியல் தொந்தரவு புகாருக்கு உள்ளகக் குழு, இவை சட்டம், சலுகைப் பட்டியலில் போட்டுப் பெருமைப்படும் விஷயங்கள் இல்லை. சட்டப்படி தந்தே ஆக வேண்டியதைச் சலுகையாக எழுதியிருக்கும் லெட்டரைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். கேட்க வேண்டியது, மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பி வந்து இதே டீமில் வேலை செய்யும் பெண்கள் யாராவது இருக்கிறார்களா என்பதை.

ஆறாவது படி: மார்க் போடாதீர்கள், கீழ்க்கோடு போடுங்கள்

பாதுகாப்புக்கு 40, நேரத்துக்கு 30, சலுகைக்கு 30 என்று அட்டவணை போட்டுக் கூட்டச் சொல்வார்கள் பலர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மனது ஏற்கெனவே தேர்ந்தெடுத்த வேலை ஜெயிக்கும் வரை அந்த எண்களை மாற்றிக்கொண்டே இருப்போம். மாறாக, மூன்றுக்கும் இதற்குக் கீழே போனால் வேண்டாம் என்று ஆளுக்கொரு கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே விழுந்த ஆஃபர், சம்பளம் எவ்வளவு இருந்தாலும் வெளியே. மிஞ்சியவற்றுக்குள் மணிக்கணக்கையும் பணத்தையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

கோடு எங்கே என்பதை வீட்டு நிலைமைதான் சொல்லும். இன்றைக்கு வேலை போனால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்று கணக்குப் போடுங்கள், சேமிப்பை, மாதச் செலவும் இஎம்ஐயும் சேர்ந்த தொகையால் வகுத்தால் போதும். ஒரு மாதம்தான் என்றால், கல்விக் கடன் ஓடுகிறது, வீட்டில் ஒரே சம்பளம் என்றால், பாதுகாப்புக் கோட்டை உயர்த்துங்கள், புதிதாகத் தொடங்கிய கம்பெனி தரும் இருபது சதவீதக் கூடுதல் உங்களுக்கு இல்லை. எட்டு மாதம் தாங்கும், வீட்டில் இன்னொருவரும் சம்பாதிக்கிறார், வயது இருபத்தைந்து என்றால் அந்தக் கோட்டைத் தாராளமாக இறக்கி, எங்கே கற்றுக்கொள்ளலாம் என்று பாருங்கள். கைக்குழந்தையோ படுக்கையில் பெரியவரோ இருந்தால் நேரக் கோடுதான் முதலில்.

இதே இடத்தில் அரசு வேலைக் கேள்வியும் வந்துவிடும், தமிழ்நாட்டில் வராமல் இருக்காது. பாதுகாப்பில் அதை மிஞ்ச எதுவும் இல்லைதான். ஆனால் 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த 6,244 இடங்களுக்கு 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். வேலையை விட்டுவிட்டு மூன்று வருடம் படிப்பதா, வேலையில் இருந்துகொண்டே படிப்பதா என்று கேட்டால், நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அந்தத் திட்டம் இருப்பவருக்கு அம்பத்தூர் மாதிரி பயண நேரம் குறைந்த வேலைதான் பொருந்தும், அதில் மிஞ்சும் இரண்டு மணி நேரம்தான் படிப்பு நேரம். அப்புறம், அரசு அலுவலகத்தில் வேலை என்பதெல்லாம் அரசு வேலை ஆகிவிடாது. தொகுப்பூதியம், அவுட்சோர்சிங், ஒப்பந்தம் என்று வரும் அறிவிப்புகளைத் தனியார் ஒப்பந்த வேலையாகவே எடைபோடுங்கள்.

ஏழாவது படி: பேசுங்கள், பேசியதை மெயிலில் வாங்குங்கள்

சம்பளத்தைக் கூட்டச் சொன்னால் "பட்ஜெட் இல்லை" என்று முடித்துவிடுவார்கள். நேரமும் சில சலுகைகளும் அப்படியல்ல, மேனேஜர் மட்டத்திலேயே முடிவெடுக்கலாம். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்கள், ஷிஃப்ட், காலை பத்து மணி வருகை, பழைய கம்பெனியின் நோட்டீஸ் நாட்களுக்குப் புது கம்பெனி பணம் கட்டுவது, சேரும் தேதி, இவற்றைக் கேட்டால் பாதிக்குப் பாதி கிடைக்கும். இப்படி எழுதலாம்: "மேடம், நேற்று பேசியபடி வாரம் செவ்வாய், வியாழன் வீட்டிலிருந்து வேலை, ஆன்-கால் மாதம் ஒரு வாரம் மட்டும் என்று புரிந்துகொண்டேன். இது சரிதானா என்று உறுதி செய்தால் ஆஃபரை ஏற்றுக்கொள்கிறேன்." பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல். அதற்கும் போன்தான் வருகிறது, எழுத்தில் எதுவும் வரவில்லை என்றால், அந்த இரண்டு நாளும் இல்லை என்றே வைத்து நான்காவது படிக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

புதிய இடத்தின் ஆஃபர் லெட்டர் கையெழுத்தோடு வரும் வரை பழைய இடத்தில் ராஜினாமா கொடுக்காதீர்கள். ஐடியில் சேரும் தேதியை மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட கதைகள் நிறைய உண்டு.

சேர்ந்த பிறகு

தகுதிகாண் காலத்தில் பெரும்பாலும் உங்களுக்கும் நோட்டீஸ் குறைவு, விலகுவது சுலபமான காலமும் அதுதான். ஆகவே முதல் மூன்று மாதம், சொன்ன நேரத்துக்கும் உண்மையான நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். வேலை தேடும் தளங்களில் உள்ள பழைய கணக்கை உடனே மூடிவிட வேண்டாம்.

இன்சூரன்ஸ் கார்டில் பெற்றோர் பெயர், வயது சரியாக ஏறியிருக்கிறதா என்று முதல் வாரமே பாருங்கள். ஒரு மாதத்துக்கான பிஎஃப் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கம்பெனி கட்ட வேண்டும். ஆகவே முதல் சம்பளம் வாங்கிய அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்கு மேல் உமங் என்ற அரசு செயலியில் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து, உங்கள் பங்கும் கம்பெனி பங்கும் இரண்டும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி பங்கு இரண்டாகப் பிரிந்து ஒரு பகுதி ஓய்வூதியக் கணக்குக்குப் போகும், அதிகபட்சம் 1,250 ரூபாய், அதைப் பார்த்துக் குறைகிறதே என்று பதற வேண்டாம். எதுவுமே ஏறவில்லை என்றால் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஹெச்ஆருக்கு மெயில், இரண்டாவது மாதமும் அப்படியே இருந்தால் பிஎஃப் குறைதீர்ப்புத் தளத்தில் புகார். நேரில் போக வேண்டுமானால் ராயப்பேட்டையிலும் அம்பத்தூரிலும் அலுவலகங்கள் இருக்கின்றன, சம்பளச் சீட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.